நான்காம் எண் பீர்

மூன்றாவது தம்ளரை அவள் மூக்கருகே கொண்டுபோனபோது, மேசையில் மிளகுக் கோழி வந்து இறங்கியது.

தம்ளரைக் கீழே வைத்தாள்.

இனி இந்த அறையில் மிளகைத் தவிர வேறெதையும் முகர முடியாது.

"கடிச்சுக்கிட்டே குடிச்சாத்தானே மேடம் ருசி தெரியும்" என்றார் குணசீலன்.

கடற்கரை ஓட்டல் ஒன்றில் பார் மேனேஜர். அவளோடு உட்கார்ந்திருந்த இரண்டு நடுவர்களில் ஒருவர். சென்ட் போட்டுக்கொண்டு வர வேண்டாம் என்று நேற்றே போன் செய்து சொல்லியிருந்தாள்.

போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்.

இன்னொருவர் சவரிநாதன். புதுச்சேரியில் நான்கு மதுக்கடைகள் அவருடையவை. இந்த அறையே அதில் ஒரு கடையின் மாடிதான். மேசையில் ஆறு பீர்கள். எதுவுமே பெரிய கம்பெனிச் சரக்கு இல்லை. சின்ன ஆலைகளில் சின்னத் தொட்டிகளில் காய்ச்சியவை. பாட்டில் நூற்றைம்பது ரூபாய்க்குள். பெயரை மறைத்து எண் ஒட்டியிருந்தார்கள். அதிக மதிப்பெண் வாங்குவது நான்கு கடைகளிலும் வருஷம் முழுக்க இருக்கும்.

சவரிநாதன் எல்லாவற்றுக்கும் ஏழு போட்டிருந்தார்.

குடிப்பதற்கு முன்பே.

"யார் மனசும் நோகக் கூடாது பாருங்க."

அவள் ஒரு பெரிய ஆலையின் சோதனைக்கூடத்தில் ஒன்பது வருஷம் பீர் சுவைத்தவள். அதுதான் வேலை. சுவைக்கிற நாளில் காலைக் காப்பி கிடையாது. பற்பசை கிடையாது. வெறும் பிரஷ்ஷும் தண்ணீரும். இன்றைக்கும் அப்படித்தான் வந்திருந்தாள்.

எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். கோழித் தட்டைத் தூக்கி வெளியே மாடிப்படியில் வைத்தாள்.

குணசீலன் பின்னாலேயே போய் ஒரு கோழித்துண்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

காற்று மாற வெகுநேரம் ஆனது.

பிறகு நான்காம் எண்.

முகர்ந்தாள்.

வெண்ணெய்.

ஒரு வாய் குடித்து நாக்கில் நிறுத்தினாள். வெண்ணெய்க்கு அடியில், மிக மெலிதாக, ஒரு புளிப்பு.

தொட்டியில் வேண்டாத கிருமி புகுந்திருக்கிறது. இன்றைக்குக் குடித்தால் ஒன்றும் ஆகாது. ஒரு மாதம் அலமாரியில் இருந்தால் புளித்த மோர்.

"அடடா" என்றார் குணசீலன். "பட்டர் பிஸ்கட்டுங்க. அப்படியே பட்டர் பிஸ்கட்டு."

ஒன்பது போட்டார். சவரிநாதன் அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். தான் போட்டிருந்த ஏழு என்ற எண்ணை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினார்.

அவள் இரண்டு போட்டாள்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

சொன்னாள். முதலில் பொறுமையாக. இந்த வாசனை எங்கிருந்து வருகிறது, இதற்கு அடுத்து என்ன வரும் என்று. இரண்டாம் முறை அவ்வளவு பொறுமை இல்லாமல். மூன்றாம் முறை சொன்னது கீழே கடைவரைக்கும் கேட்டிருக்கும்.

"லேடீஸுக்குக் கசப்பு ஒத்துக்காது" என்றார் குணசீலன், சவரிநாதனிடம், அவள் அங்கே இல்லாததுபோல.

அந்த பீரில் கசப்பே இல்லை.

ஆறும் முடிந்தபின் கூட்டினார்கள். நான்காம் எண்ணுக்கு இருபது. ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் முதலிடம்.

எண்ணைக் கிழித்துப் பெயரைப் படித்தார்கள். சேதராப்பட்டில் ஒரு கொட்டகையில் காய்ச்சுகிற தேசிங்கு என்பவருடையது. ஆலைக்காரர்கள் ஆறு பேரும் கீழே காத்திருந்தார்கள். தேசிங்கை மட்டும் மேலே கூப்பிட்டார்கள்.

முப்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. காலில் ஆலையில் போடுகிற ரப்பர் பூட்ஸ். குணசீலன் கட்டிப்பிடித்தார். முதல் லோடு திங்கட்கிழமையே வந்துவிட வேண்டும் என்றார் சவரிநாதன்.

தேசிங்கு சிரிக்கவில்லை.

மேசையில் கிடந்த மூன்று தாள்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். மூன்றாவதில் நின்றார்.

"இந்த ரெண்டு யாரு போட்டது?"

அவளுக்கு அலுத்துப்போனது. நான்காம் முறையாக, புதிதாக ஓர் ஆளுக்கு, முதலிலிருந்து. இனி இந்த மாதிரி எதற்கும் வருவதில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான்தான்."

"வெண்ணெயா, புளிப்பா?"

அவள் நின்றாள்.

"ரெண்டும்."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செவ்வாக்கெழமையிலேர்ந்து எனக்குத் தெரியுதுங்க. மச்சானுக்குக் குடுத்தேன், பிரமாதம்னான். கூட்டாளிங்க எல்லாரும் பிரமாதம்னாங்க. என் நாக்குத்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சிட்டேன்."

குணசீலன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தேசிங்கு அவர் பக்கம் திரும்பவில்லை.

"அண்ணே" என்றார் சவரிநாதனிடம். "இத விக்க வேணாம். ரெண்டாவதா வந்தவருக்குக் குடுத்துருங்க."

சவரிநாதன் சிரித்தார். பிறகு நிறுத்தினார்.

"ஒரு வருஷம் போயிடும்பா."

"போகட்டும்ணே."

இன்றைக்காக அவர் கொண்டுவந்த நான்கு பெட்டிகள் சுவரோரம் இருந்தன. தேசிங்கு முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். கீழே வேனின் கதவு திறக்கும் சத்தம். திரும்பி வந்தார். இரண்டாவதைத் தூக்கினார்.

குணசீலன் செல்போனை நீட்டிப் பிடித்திருந்தார்.

"மேடம், ஜட்ஜஸ் மட்டும் ஒரு போட்டோ."

அவள் தோளிலிருந்து பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். துப்பட்டாவைக் குறுக்காக இழுத்து இடுப்பில் முடிந்துகொண்டாள்.

குனிந்து, மூன்றாவது பெட்டியின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தாள்.