அறுபத்து நாலாவது விதை

பக்கத்து வீட்டு முகீபி இன்றும் குழிப்பலகை ஆட்டத்தின் நடுவே ஒரு விதையைச் சட்டைப்பையில் நைசாகத் தள்ளினார். வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்த தெயோபிஸ்தா பார்த்துவிட்டாள்.

சாப்பிடுவதும் இங்கேதான், திருடுவதும் இங்கேதான்! அந்த அறுபத்து நாலு விதைகளும் அவள் அம்மா தேவாலயத்துக்குப் பின்னால் பொறுக்கிச் சேர்த்தவை.

“ஒண்ணு குறையுது! எங்கடா வச்ச?” அப்பா கசுஜா கத்தினார்.

“லாரி ஓட்டுன காலத்துலயே உனக்கு எண்ணத் தெரியாது. லுகாயா கடைத்தெருவுல நம்ம ரெண்டு பேருக்கு மூணு குச்சி சுட்ட கறி வாங்குவியே!” என்றார் முகீபி.

“மூணாவது என் பொண்டாட்டிக்குடா! முன் சீட்டுல காப்பி மூட்டையைக் கட்டிப்பிடிச்சுத் தூங்கிட்டு வருவாளே, மறந்துட்டியா கிளீனரே?”

அப்பா பாயைத் தூக்கிப் பார்த்தார்.

“நல்லாத் தேடி வை, நாளைக்கு முடிப்போம்.” முகீபி கிளம்பிவிட்டார்.

தெயோபிஸ்தாவுக்குப் பொறுக்கவில்லை. அம்மா போனதிலிருந்து அப்பாவுக்கு மனசு சரியில்லை. போன மழைக்காலத்தில், சாகப்போகிறேன் என்று ஏரிக்குப் போனவரை மீனவர்கள்தான் மீட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாத்திரையில் இப்போதுதான் தேறிவருகிறார். இந்த மனுஷன் மறுபடி கலங்கடித்துவிட்டால்?

ஓடிப்போய் மறித்தாள். பெரியவர் முன்னால் பெண்கள் மண்டியிட்டுத்தான் பேசுவது வழக்கம்; அவள் அதைக்கூடச் செய்யவில்லை.

“பெரியப்பா, பையைக் காட்டுங்க.”

முகீபி விதையை எடுத்து நீட்டினார்.

“காலையில திருப்பி வச்சிருவேன் மகளே. தினமும் அப்படித்தான். ஆட்டம் பாதியில நின்னா, என்னைத் திட்டுறதுக்காவது உங்கப்பன் நாளைக்கு இருப்பான்.”

அவள் அங்கேயே மண்டியிட்டாள். விதையை வாங்கிக்கொள்ளவில்லை.

வீட்டில் அப்பா பலகையைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார்.

“பெரியப்பா மேல கோவப்படாதீங்கப்பா.”

“கோவமா? அவன் எடுக்குறதை முதல் நாளே பார்த்துட்டேன்.”

“அப்புறம் ஏன் தினமும் கத்துறீங்க?”

அப்பா முகீபியின் வீட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே அடுப்புப் புகை எழுந்து வருஷக்கணக்காகிறது.

“நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப வந்து, ‘ஏரிக்குப் போறப்ப என்னையும் கூப்பிட்டிருக்கலாமேடா’ன்னு கேட்டான் அவன். எடுத்த விதையைத் திருப்பி வைக்கணுமேன்னாவது நாளைக்கு எந்திரிப்பான்ல?”