ஒன்பதாம் தொட்டியின் விளைச்சல்

மனித மரபணு ஏற்றிய ஈஸ்டைச் சுகமாக வைத்தால் தின்று தின்று பெருகும். ஒரு சொட்டு இன்சுலின்கூடத் தராது. அதனால் சர்க்கரையை நிறுத்திப் பட்டினி போட்டு, துவளும் நேரம் பார்த்து மெத்தனாலை ஊற்றுவார்கள்; அப்போதுதான் இன்சுலின் சுரக்கும். அந்த நேரத்தைக் கணிப்பதில் அமலோற்பவத்தை மிஞ்ச அந்த ஆலையில் ஆளில்லை. கணவனைப் புதைத்த மூன்றாம் நாளே மேலாளர் துரைக்கண்ணு அவளை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார். வீங்கிய கண்களோடு அவள் பார்த்துக்கொண்ட ஒன்பதாம் தொட்டி, எந்தத் தொட்டியும் அதுவரை தராத விளைச்சலைத் தந்தது.

அடுத்த மாதம் விளைச்சல் பழையபடி இறங்கியது. துரைக்கண்ணு சூட்டை மாற்றினார், உப்பை மாற்றினார், காற்றைக் குறைத்தார். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் நோட்டும் கையுமாக அவளிடமே வந்தார்.

"அன்னைக்கும் இன்னைக்கும் எல்லாம் ஒண்ணுதாம்மா. நீ மட்டுந்தான் வேற மாதிரி இருந்த. இப்ப நல்லாத் தூங்குறியா?"

"தூங்குறேன் சார். மக மொகத்தப் பாத்துப் பாத்து ஒரு மாதிரி தேறிட்டேன்."

அவர் முகம் வாடியது. பேனா மூடியைத் திறந்தார்.

"மகளுக்கு என்ன வயசு?"