பதினேழாவது வால்

பதினேழாவது எலியின் வால் தொங்கியது.

சாரா மறுபடி தூக்கிப் பார்த்தாள். நல்ல எலியின் வால் விரலைச் சுற்றிக்கொள்ளும். இது ஈரநாடா மாதிரி விழுந்தது.

போச்சுடா!

வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அப்படியொரு வியாதி. உடம்பைக் காக்க வேண்டிய ரத்த அணுக்களே மூளையைக் கடிக்கும். எலிக்கு முதலில் வால் விழும், அப்புறம் கால்கள்.

வேலூரில் சாரா வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்து டாக்டர், அந்தப் போக்கிரி அணுக்களையே பிடித்து அடக்கித் தடுப்பூசியாக்கியிருந்தார். உடம்பு அவற்றைப் பார்த்து வைத்துக்கொண்டு, பின்னால் வருகிற போக்கிரிகளை அதட்டி உட்கார வைக்குமாம். ஊசி போட்ட இருபது எலிகளுக்கு வியாதியை வரவழைத்துப் பன்னிரண்டு நாளாயிற்று. இதுவரை பார்த்த பதினாறு வால்கள் ஜம்மென்று நின்றன.

ஒன்று தொங்கினாலும் மனிதனுக்குப் போடக்கூடாது. அது டாக்டரின் சட்டம். அடங்காத அணு ஒன்று போனாலும் ஆளையே சாய்த்துவிடும்.

திங்கட்கிழமை மனிதனுக்குப் முதல் ஊசி போடுவதாக இருந்தது. மாடி வார்டில் ஒருவர் காத்திருந்தார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டியவர். அதே வியாதியில் மூன்று முறை கைகால் விழுந்து எழுந்தவர். நாலாவது முறை எழுவாரா என்பது சந்தேகம்தான். எலிகளை வைத்து மறுபடி ஆரம்பித்தால் நாலு மாதம் ஓடிவிடும்.

கூட வேலை பார்க்கும் கிருஷ்ணராஜ் எட்டிப் பார்த்தான்.

"இருபதுல ஒண்ணுதானேக்கா. நிக்குதுன்னு எழுதிடு. யாரு வந்து இன்னான்னு கேக்கப் போறாங்க?"

கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

சாரா பேனாவை எடுத்தாள். பேனா தாளுக்கு மேலேயே நின்றது. எழுதிவிட ஆசையில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

பதினெட்டு, பத்தொன்பது, இருபது. மூன்றும் நின்றன. திரும்பப் பதினேழுக்கு வந்தாள். தொங்கியது.

'தொங்குகிறது' என்று எழுதி, அடியில் கோடு போட்டு, கையெழுத்தும் போட்டாள். கிருஷ்ணராஜ் தலையில் அடித்துக்கொண்டு நகர்ந்தான்.

கையைக் கழுவிவிட்டு மாடி ஏறினாள்.

கடைசிக் கட்டிலில் அவர் தலையணையில் சாய்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"திங்கக்கெழமைதானே, சாரா?"

"இல்லீங்க. நாலு மாசம் போவட்டும். மொதல்ல எலி நிக்கட்டும்."

தட்டிலிருந்த இட்லியைப் பிட்டுத் தன் புருஷன் வாயில் வைத்தாள்.