மயிலை விரட்டுத பாட்டு

"போச்சு! ஆரம்பிச்சிட்டாரு அந்த மனுஷன்!"

இசக்கிசெல்விக்கு அழுகையே வந்துவிட்டது. உடைமரத்தடியில் அப்போதுதான் மயிலின் கழுத்து நீலமாய்த் தெரிந்தது. மகளுக்குக் காட்டக் கையை நீட்டுவதற்குள், பின்னாலிருந்து தொண்டை கிழிய ஒரு பாட்டு. மயில் புதருக்குள் ஓடி மறைந்துவிட்டது.

மூன்று நாளாக இதே கூத்துதான். அக்கா வீட்டுக்கு லீவுக்கு வந்த இடத்தில், மகளுக்கு மயில் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். ஊருக்குப் பின்னால் ஓடைப் பள்ளத்தில் இறங்கி, மரங்களுக்குள்ளேயே நடந்து, கடலைப் பார்த்துவிட்டு மறுபக்கமாய் ஏறினால் அரை மணி நேரச் சுற்று. சாயங்காலம் பஸ். இன்றைக்கு விட்டால் அடுத்த லீவுதான்.

அந்த மனுஷன் கையை வீசிப் பாடிக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போனார்.

"கழுத கத்துத மாதிரி இருக்கும்மா."

"சும்மா இரு பிள்ள!"

நாலு வார்த்தை திட்ட ஆசைதான். அந்நிய ஆம்பளையிடம் பேச அவளுக்கு வாய் வராதே!

கடலைக் கண்டதும் மயில் மறந்துபோனது. ஒரே அலை! தாயும் மகளும் தலையோடு நனைந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். எழுந்தால், சேலை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. இப்படியே எப்படி ஊருக்குள் போவது?

சிப்பி அள்ளிவிட்டு ஈரத்தோடு கரையேறிய உள்ளூர்க்காரி ஞானசௌந்தரி, இசக்கிசெல்வியின் கையைப் பிடித்தாள்.

"வா தங்கச்சி, எங்கிட்ட மாத்துச் சேல ரெண்டு கெடக்கு. தாழம்புதருக்குள்ள மாத்திக்கிடுவோம். சிப்பி அள்ளுத பொம்பளைங்க நாங்க தெனமும் மாத்துத எடந்தான்."

"பாதை ஓரமாச்சே, அக்கா! ஆம்பளைங்க வந்துட்டா?"

"இந்நேரத்துக்கு வீரபாகு அண்ணாச்சி ஒருத்தருதான். தெனம் மூணு சுத்து நடக்காரு."

பாதிச் சேலையில் நிற்கும்போது, தூரத்தில் அதே பாட்டு! இசக்கிசெல்வி சேலையை அவசரமாய் வாரிச் சுருட்டிக்கொண்டாள்.

"பதறாத. இப்பதான் வளைவு திரும்புதாரு. நிதானமா கொசுவத்தச் சொருகு."

"எப்படிக்கா தெரியும்?"

"பாட்ட வச்சுத்தான்! பக்கத்து வீட்டுல இருக்கேன், அவரு சத்தமாப் பேசிக் கேட்டதில்ல. அம்புட்டுக் கூச்சம். ஆளு வாரது எங்களுக்குத் தெரியட்டும்னு இந்தப் பள்ளத்துல மட்டும் பாடுதாரு."

இசக்கிசெல்வி முதலில் கட்டி முடித்து மகளோடு பாதைக்கு வந்தாள். பாட்டு நெருங்க, புதரிலிருந்து படபடவென்று கிளம்பிய மயில் தோகையோடு தலைக்கு மேலே பறந்தது!

"எம்மா! மயிலு! மயிலு!"

எதிரே வந்த அண்ணாச்சி, இவர்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்து பாட்டை நிறுத்திவிட்டார்.

இசக்கிசெல்வி சட்டென்று குரல் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, நிறுத்தாதீய! அக்கா இன்னும் உள்ள இருக்காவ!"