பெயர் போடாத சீட்டு

கான்சாஸில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் தாய்மார்களின் மாதக் கூட்டம். ஜெப விண்ணப்பங்களை எழுதிப் போடும் கூடையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துத் தலைவி மார்லீன் வாசித்தாள்.

"'நம் குழுவில் ஒரு தாய் தன் பிள்ளைகளுக்குப் பாடமே சொல்லித்தருவதில்லை. எப்போதும் வெளிவேலைதான். ஜெபியுங்கள்.' பேர் போடல."

"என்னைப் பாக்காதீங்கடி!" என்றாள் ஜோலீன். "நான் பின்னக் கணக்கோட ரெண்டு மாசமா அழுதுட்டிருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மார்லீன் சிரிக்கவில்லை.

"கர்த்தர் நம்ம கையில குடுத்த பிள்ளைங்க. அவ யாரா இருந்தாலும் வெளிவேலையை இன்னிக்கே விடணும்."

"பாவம், நாம போய்ச் சொல்லிக்குடுக்கலாமே?"

"கூடாது ஜோலீன். அது தாயோட வேலை."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

வீடு திரும்பும்போது, காரின் பின்சீட்டில் தம்பியின் கணக்கு நோட்டைத் திருத்திக்கொண்டிருந்த மார்லீனின் மகள் திர்சா சொன்னாள்:

"பக்கத்து ரூம்லேர்ந்து கேட்டேம்மா. நல்லா பேசினே."

"யாரு எழுதினாங்கன்னுதான் தெரியல."

"நான்தாம்மா எழுதினேன்."

கார் சிவப்பு விளக்கில் நின்றது. பச்சை விழுந்தும் மார்லீன் நகர்த்தவில்லை.

"அப்போ நீ இன்னிக்கே விட்டுட்டா, அடுத்த மாசம் தலைவி யாரும்மா? ஜோலீன் ஆன்ட்டியா?"