ஆறாயிரம் அடி

"இன்னும் எண்ணூத்தி நாப்பது! நிக்காத, திரும்பு!"

விசில் சத்தம் மூன்றாம் மாடி நடைவழியைக் கிழித்துக்கொண்டு போனது. அந்த அம்மாள் கடைசி வீட்டுக் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். வலது காலை ஊன்றும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டார். மணிக்கட்டில் அடிகளை எண்ணும் கறுப்புப் பட்டை.

விசில் ஊதியவர் அவருடைய கணவர், ஓய்வு பெற்ற விளையாட்டு மாஸ்டர். வாசலுக்கு நேரே உயரமான நாற்காலி, அதில் இரண்டு தலையணை, அதன் மேல் மகாராஜா. முப்பது வருஷம் பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்டு, தான் மர நிழலில் நின்றே பெயர் வாங்கியவர்.

கீழ் வீட்டுப் பெண் தடதடவென்று படியேறி வந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவளை விசில் எழுப்பியிருந்தது. குடிவந்து பத்து நாள்தான் ஆகிறது. மேல் வீட்டில் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்து மூன்று மாதம் ஆகிறதென்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

"என்ன சார் இது, வீடா, மைதானமா?"

"நீ யாரும்மா?"

"கீழ் வீடு. என் தூக்கம் போனது கெடக்கட்டும். மூணு மாசம்தான் ஆச்சு ஆபரேஷன் ஆகி. இப்படியா போட்டு விரட்டுவாங்க?"

"நடக்காம ஒரே எடத்துல கெடந்தா மூட்டு இறுகிப்போயிடும். நான் சொல்லல, டாக்டர் சொல்றார்." ஒரு தாளை எடுத்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார். "தினம் ஆறாயிரம் அடி. போன வாரம் ரெண்டாயிரத்தக்கூடத் தாண்டல. பிசியோதெரபி மேடம் கன்னாபின்னான்னு திட்டிட்டுப் போயிட்டாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்கு மறுபடி வருவாங்க. எண்ணிக்கை குறைஞ்சா ஒரு மாசம் வார்டுல போட்டு நடக்கப் பழக்குவாங்களாம். தெரியுமா உனக்கு?"

அவள் தாளை வெடுக்கென்று பிடுங்கிப் படித்தாள். "வலி அதிகமானா நிறுத்தணும், நடுநடுவுல ஓய்வு எடுக்கணும்னு கீழேயே கொட்டை எழுத்துல போட்டிருக்கே. அது மட்டும் கண்ணுல படலையா?"

"கண்ணாடி போடல."

"விசில் மட்டும் கரெக்டா ஊதத் தெரியுது."

அந்த அம்மாள் மூச்சு வாங்க இவர்களைக் கடந்து போனார். "விடும்மா. வார்டுன்னா இன்னும் கஷ்டம். இங்கேயே நடந்து முடிச்சிடறேன்."

நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு வாக்கர் சும்மா நின்றது. கைப்பிடியில் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"இத எதுக்கு வாங்கினீங்க, அழகுக்கா? நடக்கறவங்க கைல குடுத்தா என்ன?"

"அதப் புடிச்சுக்கிட்டு நடந்தா கை வீசாது. கை வீசலன்னா பட்டைல எண்ணிக்கை ஏறாது. இதெல்லாம் உனக்கெங்க தெரியப்போகுது!"

பேசிய வேகத்தில் விசில் அவர் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. அவர் குனியவில்லை. "ஏய், இங்க வா. இத எடு."

அந்த அம்மாள் பாதி வழியில் திரும்பி வந்து குனிந்தார்.

"ஐயையோ, குனியாதீங்கம்மா!" கீழ் வீட்டுப் பெண் பதறிப்போய்த் தானே விசிலை எடுத்தாள். "ஏன் சார், படிச்ச மனுஷன்தானே? ஆபரேஷன் ஆனவங்க குனியக் கூடாதுன்னு முதல் வரியே அதானே!"

"அவ குனிஞ்சா ஒண்ணும் ஆகாது. குடு விசில."

"தர மாட்டேன்."

"முன்னூத்தி இருபது! நின்னு வேடிக்கை பாக்காத!" விசில் இல்லாவிட்டால் என்ன, தொண்டை இருந்தது.

அவள் அந்த அம்மாளோடு சேர்ந்து நடந்தாள். தோளைக் கொடுத்தாள். அவர் கூச்சத்தோடு பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"இடுப்புலேருந்து தொடை வரைக்கும் சுருக் சுருக்குனு இழுக்குது. ராத்திரி புரண்டு படுக்க முடியல."

"டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"அங்க போனா பேசறதெல்லாம் இவர்தாம்மா. என்னை யார் கேக்கறா?"

"நான் கேக்கறேன். அந்த மேடம் வரட்டும், நானே சொல்றேன். இவர் லட்சணத்தையும் சேத்துச் சொல்றேன்."

அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்து, கணவரைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பட்டை விர்ரென்று அதிர்ந்தது. ஆறாயிரம். அந்த அம்மாள் சுவரில் சாய்ந்தார். அதே நேரம் லிப்ட் கிளம்பி மேலே வரும் சத்தம் கேட்டது.

"வந்துட்டாங்க! கழட்டு, கழட்டு, சீக்கிரம்!" என்று மாஸ்டர் நாற்காலியிலிருந்தபடியே கையை நீட்டினார். அந்த அம்மாள் நொண்டிக்கொண்டே ஓடி, தன் மணிக்கட்டிலிருந்த பட்டையைக் கழற்றி அவர் மணிக்கட்டில் மாட்டிவிட்டார்.

பையோடு உள்ளே வந்த பிசியோதெரபி மேடம் பட்டையைப் பார்த்ததும் வாயைப் பிளந்தார். "ஆறாயிரமா! உங்க புது இடுப்புக்கு ஒரு கும்பிடு சார். திங்கக்கிழமையிலேருந்து எட்டாயிரம் நடந்துடுங்க."

மாஸ்டர் மனைவியின் பக்கம் தலையைத் திருப்பினார். "காதுல விழுந்துச்சா?"