பேருக்குப் பின்னால்

"'அம்பத்தேழு வயசுல எல்.எல்.பி. படிச்சு யார் மேல கேஸ் போடப் போறாங்க, எங்க மேலயா?' அப்படின்னு கேட்டு உங்க மருமக என் வீட்டு சோபாவுல உட்கார்ந்து அழுதுட்டுப் போறா, ஜெயப்பிரகாஷ் அம்மா!"

செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டாள் செங்குட்டுவன் மேடம். மைன்ஸ் டெபுடி மேனேஜரின் மனைவி. அந்த பிளாக்கில் எந்த வீட்டுச் சண்டைக்கும் பஞ்சாயத்து அவள்தான். பாதிக்கு யாரும் கூப்பிட்டதில்லை என்பது வேறு விஷயம்.

ஜெயப்பிரகாஷ் அம்மா சட்டப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"யார் மேலயும் இல்லீங்க மேடம்."

"பின்ன எதுக்கு? விடியறதுக்குள்ள கிளம்பி, பண்ருட்டில பஸ் மாறி, விழுப்புரம் வரைக்கும் போயிட்டு... பவித்ரா வேலைக்குப் போற பொண்ணு. பேரன் ஸ்கூல் விட்டு வந்தா வீடு பூட்டிக் கிடக்காம். ஸ்கூட்டர்ல ஒரு 'எல்' ஒட்டியிருந்தாலே நான் பத்தடி ஒதுங்கிப் போறேன். உங்களுக்கு ரெண்டு 'எல்' கேட்குதா?"

ஜெயப்பிரகாஷ் அம்மா சிரித்துவிட்டாள். மேடத்துக்கு அது இன்னும் எரிச்சல்.

"பிளஸ் டூ முடிச்ச பசங்களுக்கு அஞ்சு வருஷம். உங்களை மாதிரி டிகிரி வச்சிருக்கவங்களுக்கு மூணு வருஷம். அதுக்கு மேல ஆசைப்பட்டா எல்.எல்.எம். ரெண்டு வருஷம். எல்லாம் விசாரிச்சுட்டேன். கோர்ட்டுக்குப் போய் வாதாடப் போறீங்களா?"

"தெரியலீங்க."

"தெரியாதா! அப்ப இது போதும்." கைப்பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து நீட்டினாள். "பி.ஜி.எல். தபால்ல படிக்கலாம். வக்கீலாக முடியாதே தவிர, சட்டமெல்லாம் அதே சட்டம்தான். வீட்ல உட்கார்ந்தே படிச்சுப் பேருக்குப் பின்னால போட்டுக்குங்க. கையெழுத்துப் போடுங்க, பவித்ராகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"இதுல அட்டென்டன்ஸ் உண்டுங்களா?"

"கிடையாது. அதுதானே சௌகரியம்!"

"அப்ப வேணாங்க."

"என்னது?"

ஜெயப்பிரகாஷ் அம்மா புத்தக அட்டையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"காலையில மொத பீரியட்ல 'அமிர்தம்'னு கூப்புடுவாங்க. மொத பேரே என்னுதுதான். 'பிரசென்ட் மேம்'னு எந்திரிச்சு நிப்பேன்."

"அதுக்கு?"

"எங்க வூட்டுக்காரரு போயி ஆறு வருசம் ஆவுது. அப்பிடிக் கூப்புட்டவரு அவுரு ஒருத்தருதான். இப்ப வூட்ல அம்மா, அத்தை, ஆயா. ரோட்டுல எறங்குனா ஜெயப்பிரகாஷ் அம்மா. நீங்களும் அப்பிடித்தானே கூப்ட்டுகினு இருக்கீங்க? பேருக்குப் பின்னால போட்டுக்க எழுத்து கெடைக்கும், சரி. முன்னால பேரு வேணாங்களா மேடம்?"

மேடம் விண்ணப்பத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"நாளைக்கு பஸ்ஸை விட்டுடாதீங்க, அமிர்தம். பேரன் ஸ்கூல் விட்டதும் என் வீட்டுக்கு வரட்டும். பவித்ராகிட்ட நான் பேசிக்கிறேன்."

தன் வீட்டுக்கு வந்தாள். ஷிப்ட் முடிந்து வந்த செங்குட்டுவன் செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"இந்தா, ஒரு காபி கொடு."

மகன் அறையிலிருந்து, "ம்மா, எனக்கும்!"

அடுப்படிக்குப் போனவள் பாலை எடுக்காமல் திரும்பி வந்து அவர் எதிரில் நின்றாள்.

"என்னங்க... 'திலகவதி, காபி'ன்னு கேளுங்களேன்."

அறைக்குள் மகன் காதில் மறுபடி ஹெட்போன். அவர் விரல் போன் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

"ஒரே ஒரு தடவை... கேளுங்களேன்."